வைசூரி

வைசூரி இன்று அகராதியில்தான் இருக்கிறது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் கண்டது 1975 மே மாதம். 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயோடு பெயரும் போயிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே நோயின் இன்னொரு பெயர் போகவில்லை.

முதலில் சொல். வடமொழி வைத்தியத்தில் இது மஸூரிகா. மஸூரம் என்பது ஒரு பருப்பு. கொப்புளம் அதன் வடிவில் இருந்ததால் வந்த பெயர். சுஸ்ருதர் இதைச் சில்லறை நோய்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். தனி அத்தியாயம் கிடைப்பது மாதவநிதானத்தில். மலையாளத்தில் வசூரி. மகரம் வகரமாவது நமக்குப் புதிதல்ல. மிஞ்சு என்கிறோம், விஞ்சு என்கிறோம். தமிழில் மட்டும் முதலெழுத்தில் ஐகாரம் ஏறியது எப்படி? சாட்சி மளிகைக் கடையில் இருக்கிறது. அதே பருப்புக்கு அங்கே மைசூர்ப் பருப்பு என்று பெயர். மைசூருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மஸூர் நம் காதில் மைசூராக விழுந்தது. வைசூரியும் அப்படித்தான் திரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே சொல், ஒருமுறை சட்டிக்குள், ஒருமுறை உடம்பின் மேல்.

வைத்தியரும் பத்திரிகையும் இதை எழுதினார்கள். வீடுகள் ஏற்கவில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோலியனூர், புத்துவாயம்மன் கோயில் உள்ள ஊர். என் பாட்டி அந்தப் பக்கத்தவள். அவள் நோயின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஆத்தா வந்திருக்கா', 'முத்து போட்டிருக்கு', அப்புறம் 'தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு'. பயத்தில் பிறந்த இடக்கரடக்கல் என்று தள்ளிவிடுவது சுலபம். பயம் இருந்தது, சரி. ஆனால் ஒரே கொப்புளத்தை வைத்தியன் பருப்பு என்றான், இவள் முத்து என்றாள். லத்தீன் வரியோலாவும் புள்ளியோடு நின்றுவிட்ட பெயர்தான். இவள் வாக்கியத்தில் மட்டும் எழுவாய் நோயல்ல, வந்தவள். வந்தவள் போகவும் வேண்டும் என்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, அம்மை தங்கிவிட்டது: சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை. 2022இல் பரவிய நோய்க்கும் பத்திரிகைகள் குரங்கம்மை என்றே எழுதின. குரங்கு வைசூரி என்று எழுதியவரை நான் பார்க்கவில்லை.

இதை ரொம்பப் புகழவும் மனமில்லை. கண் போன பிள்ளைக்கு முத்தும் ஒன்றுதான், பருப்பும் ஒன்றுதான். நோயை ஓட்டியது தடுப்பு மருந்து. 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் கன்றின் தோலிலிருந்து எடுத்த நிணநீர். அதற்கும் ஊர் வைத்த பெயர் அம்மைப்பால்.