கைத்தொலைபேசிக் கண்ணாடி உடைந்த கதையும் கொஞ்ச வரலாறும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ரெஸ்ரோரண்டில் சரியான சனம். இரண்டு கையிலும் கோப்பைகளோடு திரும்பினேன். மேல்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்த ரெலிபோன் நழுவி, குசினித் தரையில் முகம் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் சிலந்திவலை போல வெடிப்பு. திரை ஒரு தரம் பச்சையாக மின்னிவிட்டு இருண்டு போனது. அழைப்பு வந்தால் மணி மட்டும் அடிக்கிறது. தொட்டால் ஒன்றுமில்லை.

ரெலிபோன் போனால் இன்னொன்று வாங்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதற்குள் அப்பாவின் குரல் இருந்தது. அப்பா போன வருடம் ஊரில் காலமானார். கடைசி இரண்டு வருடமும் அவருக்கு எழுத்துத் தட்டக் கண் தெரியாது. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார். "தம்பி, சாப்பிட்டியோ? இஞ்ச மழை. கிணறு முட்டிட்டுது." அவ்வளவுதான். எல்லாம் அப்படித்தான். நாற்பத்தொரு துண்டுகள். வேறெங்கும் நான் நகல் எடுத்து வைக்கவில்லை. என் மடைத்தனம்.

திங்கட்கிழமை அதைத் தயாரித்த கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போனேன். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாக் கம்பனியும் கிட்டத்தட்ட இதே கதைதான். முன்னால் நின்ற பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தது. திரையை முழுதாக மாற்றவேண்டும், 3,900 குரோனர், ஐந்து நாள் எடுக்கும். பிறகு ஒரு படிவத்தை நீட்டியது. உள்ளே இருக்கும் தகவல்கள் அழிக்கப்படலாம், அதற்குக் கம்பனி பொறுப்பில்லை, நகல் எடுத்துவிட்டுத் தரவும் என்று இருந்தது.

"திரை வேலை செய்யாமல் நான் எப்படி நகல் எடுப்பது?" என்று கேட்டேன்.

"அது உங்கள் பொறுப்பு" என்றது.

கையெழுத்து வைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. மனுசியின் ரெலிபோனை வாங்கி, இந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது, அதை ஏன் கம்பனிதான் மாற்றவேண்டும் என்று வாசிக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை மூன்றாம் வருடத்தோடு விட்டவன் நான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என் படிப்பும் பூட்டியது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் கண்ணாடிக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் கோர்னிங் என்ற கண்ணாடிக் கம்பனி 1962 இல் "கெம்கோர்" என்று ஒரு பலமான கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. செய்முறை இதுதான். சோடியம் உள்ள கண்ணாடியை ஏறக்குறைய 400 பாகை வெப்பத்தில் உருகிய பொற்றாசியம் உப்புக்குள் தாழ்க்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சின்னச் சோடியம் அயன்கள் வெளியே வர, அந்த இடத்தில் பெரிய பொற்றாசியம் அயன்கள் போய் இருக்கின்றன. எங்கள் ஊர் மினிபஸ்ஸை நினையுங்கள். மெலிந்த ஆட்களை இறக்கிவிட்டு அதே சீற்றில் குண்டான ஆட்களை இருத்தினால் எப்படி நெரியும்? அந்த நெரிசல்தான் கண்ணாடியின் பலம். வெடிப்பு உள்ளே ஓட வெளிக்கிட்டாலும் நெரிசல் அதை மூடிப் பிடிக்கும். ஆனால் நெரிசல் இருப்பது மேற்பரப்பில் மட்டும், ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாத ஆழத்துக்கு. ஒரு கூரான கல்லோ தரை ஓட்டின் விளிம்போ அதைத் தாண்டி உள்ளே குத்திவிட்டால் கதை முடிந்தது.

அந்தக் காலத்தில் இதை வாங்க ஆளில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் திட்டத்தை மூடிவிட்டார்கள். பிறகு 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனைக் காட்டியபோது அதன் முகம் பிளாஸ்ரிக். பொக்கற்றில் திறப்புக்கோர்வையோடு வைத்திருந்தபோது கீறல் விழுந்துவிட்டது, கண்ணாடிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றாராம். கோர்னிங் தலைவர் வெண்டல் வீக்ஸ் பழைய ஆராய்ச்சியைத் தூசி தட்டி எடுத்தார். கென்ரக்கி மாநிலத்தில் ஹரட்ஸ்பேர்க் என்ற சின்ன ஊரின் தொழிற்சாலையில் சில மாதங்களுக்குள் செய்து கொடுத்தார்கள். 2007 ஜூன் 29 இல் ஐபோன் கண்ணாடி முகத்தோடு கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு மற்றக் கம்பனிகளும் அந்த வழியால் போயின.

அதற்கு முந்திய ரெலிபோன்களை நினைத்துப் பாருங்கள். 2000 இல் வந்த நோக்கியா 3310. முகமூடியை நகத்தால் கழற்றலாம். பற்றறியை நாங்களே மாற்றலாம். எத்தனை தரம் விழுத்தியிருப்போம்!

தொடுதிரை வந்த தொடக்கத்திலும் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 2008 இல் வந்த ஐபோன் 3ஜியில் மேல் கண்ணாடி வேறு, உள்ளே படம் காட்டும் திரை வேறு. கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். 2010 இல் வந்த ஐபோன் 4 இல் இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். படம் கண்ணாடியின் மேலேயே கிடப்பது போலத் தெரியும், வெளிச்சம் தெறிப்பதும் குறையும். உண்மையிலேயே நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கண்ணாடி உடைந்தால் உள்ளே இருக்கும் நல்ல திரையும் சேர்ந்து போகவேண்டும். யன்னல் கண்ணாடி வெடித்ததற்குச் சுவரையும் இடிப்பது போல. 2011 ஜனவரியில் இன்னொன்றும் வெளியே வந்தது. திருத்தக் கொண்டுபோன ஐபோன் 4 களில் சாதாரண ஸ்குறூவைக் கழற்றிவிட்டு, ஐந்து இதழ் வடிவிலான புது ஸ்குறூவைப் பூட்டி அனுப்பினார்கள். அதற்குப் பொருந்தும் ஸ்குறூ டிறைவர் அப்போது சாதாரண கடைகளில் இல்லை.

ஸ்குறூவையாவது ஆரும் ஒரு நாள் கழற்றிவிடுவான். அடுத்த பூட்டு மென்பொருளில் வந்தது. 2016 தொடக்கத்தில் "பிழை 53" என்று ஒரு விசயம் பெரிதாக வெடித்தது. வெளிக்கடையில் திருத்திய சில ஐபோன் 6 கள், மென்பொருளைப் புதுப்பித்தவுடன் அப்படியே செத்துப்போயின. விரல் அடையாளத்தின் பாதுகாப்புக்காகத்தான் என்று அப்பிள் முதலில் சொன்னது. பிறகு மன்னிப்புக் கேட்டு, செத்ததை எழுப்ப ஒரு புதுப்பிப்பையும் விட்டது. அவுஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. வெளியாள் திருத்தியதைக் காரணம் காட்டி வாடிக்கையாளரின் உரிமையை மறுத்தது பிழை என்று 2018 ஜூனில் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தார்கள். 2021 இல் ஐபோன் 13 வந்தபோதும் இதே மாதிரி. வெளிக்கடையில் திரையை மாற்றினால் முகத்தை அடையாளம் காணும் வசதி நின்றுவிடும். சனம் சத்தம் போட்ட பிறகு அதையும் மாற்றிக்கொண்டார்கள்.

இனி எங்கள் நோர்வேக் கதை. 2017 இல் ஒஸ்லோவுக்குத் தெற்கே ஒரு சின்னத் திருத்தகக்காரர் ஹொங்கொங்கில் இருந்து 63 ஐபோன் திரைகள் எடுப்பித்தார். சுங்கம் அவற்றை மறித்து அப்பிளுக்கு அறிவித்தது. இவை போலிச் சரக்கு என்றது கம்பனி. இல்லை, பழைய திரைகளுக்குப் புதுக் கண்ணாடி போட்டுப் புதுப்பித்தவை, உள்ளே இருக்கும் அடையாளத்தை மையால் மறைத்திருக்கிறது என்றார் கடைக்காரர். முதல் நீதிமன்றம் 2018 இல் அவர் பக்கம் தீர்த்தது. உலகமெல்லாம் திருத்த உரிமை கேட்கிறவர்கள் கொண்டாடினார்கள். கம்பனி மேன்முறையீடு செய்தது. 2019 இல் தீர்ப்பு மாறியது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றமும், அடையாளத்தை மறைத்தது போதாது, வர்த்தக அடையாள உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஒற்றை ஆள், ஒரு சின்னக் கடை, 63 கண்ணாடி, எதிரே உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பனிகளில் ஒன்று.

இதை வாசித்தபோது எனக்கு வேறொரு மறியல்தான் ஞாபகம் வந்தது. வவுனியாவில் சாமான் கொட்டிச் சோதித்த மேசை. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றறி, பெற்றோல் எல்லாம் தடை. தெற்கே போய் வருகிற சனம் ஒளித்துக் கொண்டுவரும் இரண்டு பென்ரோச் பற்றறியும் அந்த மேசையில் பறிபோகும். அப்பாவுக்குச் சந்தியில் சைக்கிளும் றேடியோவும் திருத்துகிற ஒரு பெட்டிக்கடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவைப் பேசவைப்பார். மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். ஊரில் எறியப்பட்ட சாமான் என்று ஒன்று இருக்கவில்லை.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே தடையால் மருந்தில்லாமல் சனம் செத்தது. இங்கே ஒரு ரெலிபோன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு இடத்திலும் முதலில் மறிபடுவது உதிரிப்பாகம்தான். பாகம் வரும் வழியை ஆர் பிடித்து வைத்திருக்கிறானோ, சாமான் எத்தனை நாள் உயிரோடு இருக்கவேண்டும் என்பதையும் அவன்தான் சொல்லுவான். அப்பா மாதிரிக் கைவேலை தெரிந்தவன், வேலை அதேயாக இருக்க, ஒரே நாளில் கள்ளக் கடத்தல்காரன் ஆகிவிடுவான்.

கம்பனிகள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கூடாத பற்றறி தீப்பிடிக்கும். விரல் அடையாளத்தை ஏமாற்றும் பாகத்தைக் களவெடுப்பவன் பூட்டலாம். ஆனால் அதற்கு மருந்து நல்ல பாகத்தை எல்லோருக்கும் விற்பதுதான். இவ்வளவு காலம் முடியாது என்று நின்ற அப்பிள் 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் சாதாரண ஆட்களுக்கே பாகமும் கருவியும் விற்கத் தொடங்கியது, பிறகு ஐரோப்பாவிலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2025 ஜூன் 20 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மொடலை விற்று முடித்த பிறகும் ஏழு வருடத்துக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும் என்கிறது. 2024 இல் நிறைவேறிய திருத்த உரிமைச் சட்டத்தை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று நாள் குறித்தார்கள். நோர்வே ஒன்றியத்துக்குள் இல்லை. ஆனால் இங்கே ரெலிபோனில் பிழை வந்தால் ஐந்து வருடம் வரை முறையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007 இலேயே சொல்லியிருக்கிறது. அது தயாரிப்புப் பிழைக்கு. நான் விழுத்தினதுக்கு இல்லை.

சரி, என் கதையை முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு முன் குறோன்லான்ட் பக்கம் ஒரு குர்திஷ்காரரின் கடைக்குப் போனேன். ஆறடி அகலக் கடை. அவரும் அகதியாக வந்தவர்தான். இரண்டு பேரும் உடைந்த நோர்வேஜிய மொழியில் கதைத்தோம். அப்பாவின் குரல் என்றவுடன் அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சூடு காட்டிப் பசையை இளக்கி, உடைந்த திரையைக் கழற்றி, லாச்சிக்குள் இருந்த ஒரு பழைய திரையைக் கொழுவினார். நான் என் இலக்கத்தைத் தட்டினேன். திறந்தது. நாற்பத்தொரு துண்டும் நகலெடுக்க இருபது நிமிடம். அந்தத் திரை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

"இதையே போட்டுவிடுங்கோவன்" என்றேன். தலையை ஆட்டினார். இதைப் போட்டால் விரல் அடையாளம் வேலை செய்யாது, காசு இருந்தால் கம்பனிக்கே கொடு, அவர்கள் நல்லாகச் செய்வார்கள் என்றார். 400 குரோனர்தான் வாங்கினார்.

அவர் சொன்னது சரி. கம்பனி நல்லாகத்தான் செய்தது. ஏற்கனவே திறக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. கண்ணாடியில் ஒரு பிசகு இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய அன்று போல வெறுமையாக, எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை வாசித்தவுடன் உங்கள் ரெலிபோனில் இருக்கும் தாய் தகப்பனின் குரலை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் தெருவில் ஒரு சின்னத் திருத்தகம் இருந்தால், சும்மா போகும்போது ஒரு வணக்கமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலைக்கு நேரமாகிறது. இப்ப ரெலிபோன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்.