டன்கர்க்: வெற்றியாகிப் போன பின்வாங்கல்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, பிரான்சின் டன்கர்க்கில் ஜெர்மானியப் படைகளின் முற்றுகைக்குள் சிக்கிய 3,38,226 நேச நாட்டு வீரர்கள் கடல்வழியே பிரிட்டனுக்கு மீட்கப்பட்டனர். பிரிட்டிஷ் மக்களின் நினைவில் இது சிறுபடகுகளின் வீரகாவியம். உண்மையில், பெரும்பாலோரைச் சுமந்து வந்தவை போர்க்கப்பல்களும் பயணிகள் கப்பல்களுமே.

கணக்கேட்டின் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் படை பிரான்சில் விட்டுவந்தவை ஏறத்தாழ 2,500 பீரங்கிகள், 60,000க்கும் மேற்பட்ட வாகனங்கள். ஆயினும் பீரங்கியைத் தொழிற்சாலை மீண்டும் வார்த்துவிடும். பயிற்சி பெற்ற படையை அவ்வளவு விரைவில் உருவாக்க இயலாது. கொண்டாட்டத்துக்கு அந்த அளவில் நியாயம் உண்டு.

வெளியேற்றங்களால் போரை வெல்ல முடியாது என்று சர்ச்சிலே நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். பின்காவல் நின்ற பல்லாயிரம் பிரெஞ்சு வீரர்கள் சிறைப்பட்டனர். ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது.