பேயாக்கப்பட்டவர்கள்

தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தை நாள்தோறும் கடந்து செல்வோரில் பலர், அது ஒரு நோயாளர் இல்லத்தால் வந்த பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்தி சாய்ந்தபின் அங்குள்ள மரங்களினூடே வெள்ளுருவம் ஒன்று உலவுகிறது, ஆளில்லாத இடத்தில் இருமல் ஒலி கேட்கிறது என்னும் கதைகளை நம் பங்கு இல்லங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். விளையாடும் சிறுவரை நேரத்தோடு வீட்டுக்குள் அழைக்க அவை உதவியிருக்கலாம்.

அவ்விடத்தின் வரலாறோ வேறு. டேவிட் சவுரி முத்து என்னும் மருத்துவர், குளிர்காற்று வீசும் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளருக்கென ஓர் இல்லம் நடத்தியவர். தாயகம் திரும்பிய அவர், 1928-இல் தாம்பரத்தில் பச்சைமலையை அடுத்து 12 படுக்கைகளுடன் இந்த இல்லத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அதுவரை தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே மருந்து. குணமாகி வீடு திரும்பியவரும் உண்டு, திரும்பாதவரும் உண்டு. தொற்றுக்கு அஞ்சிய உறவினர் தொலைவிலேயே நின்ற காலம் அது. உயிரோடு இருக்கும்போதே ஊர் விலக்கி வைத்த மனிதர்களை, இறந்தபின் ஊர் பேயாக்கியது என்றே நாம் கருதுகிறோம்.

இந்த அச்சத்திற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, மாத்திரை உண்டு வீட்டிலேயே தங்கும் காசநோயாளரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு இணையாகக் குணமடைகின்றனர் என்று 1959-இல் மெய்ப்பித்தது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. உலகம் இதனை ஏற்றது. சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது. தாம்பரத்து மருத்துவமனை மட்டும் மற்றுமொரு புறக்கணிக்கப்பட்ட கூட்டத்துக்குக் கதவு திறந்தது. எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய 1993-இலிருந்து அவர்களை ஏற்றுப் பேணிய மருத்துவமனை இது. பழைய கதைகளுக்கு அப்போது புது உயிர் வந்ததில் வியப்பில்லை.

இறந்தோர் தோன்றும் கதைகளைத் திருச்சபை அறியாததன்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் புனித பெரிய கிரகோரியார் எழுதிய 'உரையாடல்கள்' நூலில், யுஸ்துஸ் என்னும் துறவி மூன்று பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்து இறந்துபோகிறார். அவரும் மருத்துவம் கற்றவரே! முப்பது நாள் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபின், தாம் விடுதலை பெற்றதைத் தம் உடன்பிறந்தவருக்குத் தோன்றி அறிவிக்கிறார். முப்பது நாள் திருப்பலி கேட்டு இன்றும் பங்கு அலுவலகத்துக்கு வருவோர் இக்கதையை அறிந்திருப்பது அரிது. இங்கே இறந்தவர் அச்சுறுத்த வரவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

நம் நாட்டுக் கதைகளில் இறந்தவர் பெரும்பாலும் அச்சுறுத்தவே வருகிறார். ஜான் டி மான்ட்டியை எடுத்துக்கொள்வோம். ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயரால் விளங்கும் குடியிருப்பின் பாழடைந்த வீடுகளைப் பற்றிய பேச்சு, 2015-இல் 'டிமான்ட்டி காலனி' திரைப்படம் வந்தபின் தமிழகமெங்கும் பரவியது. அவர் பெயரைச் சொன்னால் இளையோருக்கு இன்று பேய்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் வாணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய அந்தப் போர்த்துக்கீசியர், 1821-இல் இறந்தபோது தம் உடைமைகளை அறப்பணிகளுக்கென மயிலைத் திருச்சபைக்கு விட்டுச் சென்றார் என்பதைக் கூற எந்தத் திரைக்கதையும் தேவைப்படவில்லை போலும். ஏழையர்க்கென எழுதி வைத்தவர் மாளிகையைவிட்டுப் போக மறுக்கும் ஆவியாகச் சித்திரிக்கப்படுவது விந்தைதான். நாமும் அதனை மறுத்துப் பேசியதில்லை.

அவர் அடக்கம் செய்யப்பட்டது ஆழ்வார்ப்பேட்டையிலும் அன்று. தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, கடலோரக் கோவளத்தில், 1808-இல் அவரே எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. விடுமுறை நாள்களில் நம் மக்கள் அங்கே சென்று அலைகளைக் கண்டு, மீன் வாங்கி, அன்னையின் முன் மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்புகின்றனர். அடுத்த முறை செல்லும்போது, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அக்கல்லறையின் முன் ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம்.