கோஷின் கணக்கு

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் இங்கே கொல்கத்தாவில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதலாண்டு. போன தீபாவளிக்கு வந்தபோது, "தாத்தா, பிசிகல் கெமிஸ்ட்ரி எனக்கு வரவே மாட்டேங்குது, எல்லாம் கணக்கா இருக்கு, பி.காம். மாறிடலாம்னு அப்பா சொல்றார்" என்றாள். அடியேன் பி.யூ.சி.யோடு கடைக்கு வந்தவன். கல்லூரித் தெரு நடைபாதையில் வாங்கிய பழைய கிளாஸ்டன் புத்தகம்தான் எனக்கு வாத்தியார். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பாடம் ஒன்றும் வெகு பழையது அல்ல. 1884இல் சுவீடனின் உப்சாலாவில் அர்ஹீனியஸ் என்ற இளைஞர், நீரில் கரைந்த உப்பு மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது என்று ஆய்வேடு கொடுத்தார். பேராசிரியர்கள் போட்ட மதிப்பெண் மிகத் தாழ்வு. அங்கே வாத்தியார் வேலைக்கே ஆகாத அளவு. ரீகா நகரிலிருந்த ஆஸ்வால்டு அதைப் படித்துவிட்டு, நேரே உப்சாலாவுக்கே புறப்பட்டுப் போய் அவரைப் பார்த்தார். 1887இல் ஆஸ்வால்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பௌதிக வேதியியல் பேராசிரியரானார். அதே ஆண்டு அவரும் வாண்ட் ஹாஃபும் இத்துறைக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். அர்ஹீனியசின் அயனிக் கொள்கை அதன் முதல் தொகுதியில் வந்தது. தாழ்ந்த மதிப்பெண் வாங்கிய அவருக்கு 1903இல் நோபல் பரிசு!

ஆனால் ஒரு சிக்கல். ஆஸ்வால்டின் நீர்த்தல் விதி வினிகர் அமிலத்துக்குச் சரியாக வரும். நம் வீட்டுச் சாதா உப்புக்கு வராது. முப்பது ஆண்டுகளாக அது முள்ளாகவே நின்றது.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. பிரசிடென்சி கல்லூரியில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயிடம் படித்த ஞான சந்திர கோஷ், 1915இல் எம்.எஸ்ஸி. முடித்து, ராஜாபஜார் சயன்ஸ் காலேஜில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1918இல் லண்டன் கெமிகல் சொசைட்டி சஞ்சிகையில் அவர் கட்டுரைகள் வந்தன. உப்பு கரைந்தால் பாதி பிரிகிறது, பாதி பிரியாமல் இருக்கிறது என்பதெல்லாம் இல்லை. முழுவதும் அயனிகளே என்றார். பிறகு ஏன் கடத்தல் குறைகிறது? எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுப்பதால். துர்கா பூஜைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வீட்டை விட்டு வெளியேதான் இருக்கிறார்கள், நகரத்தான் முடியவில்லை.

அடுத்த ஆண்டு கோஷும் தோழர் ஜே.என். முகர்ஜியும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் போய் டானனிடம் பணிசெய்தார்கள். டானன் யார்? லைப்சிக்கில் ஆஸ்வால்டிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். பின்னாளில் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் அதே டானனிடம்தான் போனார். அலகாபாத்தில் நீல் ரத்தன் தர் 1919 முதல் இத்துறையை வளர்த்ததைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

சரி, கோஷின் கணக்கு நின்றதா? நிற்கவில்லை. கரைசலுக்குள்ளும் அயனிகள் படிகத்தில் இருப்பதுபோல் வரிசையாக இருக்கும் என்று அவர் வைத்துக்கொண்டார், அது பொருந்தவில்லை. 1923இல் டிபையும் ஹக்கலும், ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிர் அயனிகளின் மேகம் ஒன்று இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். மிக நீர்த்த கரைசலுக்கு அது பொருந்தியது. இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது அவர்கள் பெயர்தான். நம்மவர்கள் சிலர் மேடையில் "வெள்ளைக்காரன் திருடிவிட்டான்" என்று பேசுகிறார்கள். அது வீண் பேச்சு. வியாபாரத்தில் ஐந்தொகை பொய் சொல்லக் கூடாது, சரித்திரத்திலும் அப்படித்தான். முழுப் பிரிகை, மின்னிழுப்பு என்ற இரண்டையும் சேர்த்து எண்ணாகப் போட்டுப் பார்த்தது கோஷின் வரவு. படிக வரிசை அவர் செலவு. இரண்டையும் எழுத வேண்டும்.

கோஷ் அத்தோடு ஓய்ந்துவிடவும் இல்லை. 1921இல் டாக்கா பல்கலைக்கழகம், 1939 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக இயக்குநர், பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநர்.

அந்தப் பெண் பி.காம். மாறவில்லை. இரண்டாம் செமஸ்டரில் இந்தப் பாடத்தில் எவ்வளவு என்று கேட்டேன். "பாஸ், தாத்தா" என்றாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.