சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851 - 1930)

இலங்கைத் தமிழரில் அப்புக்காத்தாகத் தொடங்கி, சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் உயர் அரச அதிகாரியாகவும் விளங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன். கொழும்பில் 1851 ஏப்ரல் 16இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். பழைய தீர்ப்புகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட சட்ட அறிக்கைகள் வழக்கறிஞர்களிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தன.

தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் மறைந்ததும், தமிழர் பிரதிநிதியாக அவர் வகித்த இடத்திற்குத் தேசாதிபதி இராமநாதனை நியமித்தார். 1892இல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனபோது, அரசைக் கேள்வி கேட்டவரே அரசின் வழக்கறிஞரானார்.

ஓய்வுக்குப் பின் 1911இல் 'படித்த இலங்கையர்' தொகுதித் தேர்தலில் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். வாக்காளரிற் பெரும்பான்மையோர் சிங்களவர். 1915 கலவரத்தையடுத்து இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். சபையில் அவர்களுக்காக வாதாடிய இராமநாதன், 1916இல் இலண்டனில் அதனை நூலாகவும் வெளியிட்டார். கலவரத்திற் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் இதனை மறக்கவில்லை. அவர்கள் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் படித்த கட்டுரையும் ஏற்கெனவே அவர்களைப் புண்படுத்தியிருந்தது.

கல்விக்கு அவர் செய்த பணி நிலைத்தது. மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியையும், திருநெல்வேலியில் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பின்னதன் வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது.

ஆயினும் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1930இல் இலண்டன் வரை சென்றும் முறையிட்டார். எண்ணிக்கையிற் சிறிய இனம் நசுங்கிவிடும் என்பது அவரது அச்சம். பிற்கால வரலாறு அந்த அச்சத்தை வீண் என்று சொல்ல விடவில்லை. ஆனால் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கு வேண்டாம் என்பதும் அந்த வாதத்தில் அடங்கியிருந்தது. பெண்கள் படிக்கக் கல்லூரி கட்டியவரே அவர்கள் வாக்களிப்பதை ஏற்கவில்லை.

1930 நவம்பர் 26இல் அவர் காலமானார். மறு ஆண்டு, அவர் எதிர்த்த வாக்குரிமையுடனேயே முதலாவது பொதுத்தேர்தல் நடந்தது. பிறருக்காகப் பேசுவதில் வல்லவரான இராமநாதன், அவர்கள் தமக்காகத் தாமே பேசும் காலத்தை வரவேற்கவில்லை. அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.