வாசிக்கவும் எழுதவும் காசு கேளாத ஆய்விதழ்: அரிய நோய்களும் யாழ்ப்பாணமும்

1994 இறுதியில் அமெரிக்கரான ஷாரன் டெரியின் இரு பிள்ளைகளுக்கும் ‘சூடோசாந்தோமா எலாஸ்டிக்கம்’ என்ற பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தது. தோல், கண், இரத்தக்குழாய் மூன்றையும் பாதிக்கும் நோய் அது. அதைப் பற்றிய கட்டுரைகள் சந்தா கட்டும் மருத்துவ நூலகங்களுக்குள் கிடந்தன. உள்ளே போவதற்காகவே ஷாரன் ஒரு வைத்தியசாலையில் தொண்டராகச் சேர்ந்தார். விஞ்ஞானம் படிக்காத தாயும் தந்தையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படியெடுத்து வாசித்தார்கள். 1995இல் நோயருக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2000இல் அந்நோய்க்குரிய பரம்பரையலகு கண்டறியப்பட்டது. ஷாரனும் அந்தப் பணியில் பங்காளி.

பத்தாயிரம் பேரில் ஐவருக்கு மேற்படாத நோயையே ஐரோப்பிய ஒன்றியம் அரிய நோய் என்கிறது. இத்தகைய நோயில் ஒரேயொரு நோயரைப் பற்றிய நாலு பக்க அறிக்கைக்கும் பெறுமதி உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு இது தூரத்து விடயம் அல்ல. மச்சான், மச்சாள் முறையில் கலியாணம் செய்யும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. பின்னிடைவான பரம்பரையலகால் வரும் நோய்களுக்கு இரத்த உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் அதே குடும்பங்கள் ரொறன்ரோ, இலண்டன், பரிஸ் என்று சிதறின. தம்பியின் பிள்ளையை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தமையனின் பிள்ளையை ரொறன்ரோவிலுள்ள ஒரு மருத்துவமனையும் பார்க்கலாம். ஒரு தரப்பின் அறிக்கை மறுதரப்பின் கண்ணில் படாவிட்டால் இரண்டு வைத்தியர்களும் முதலிலிருந்தே தேடவேண்டும்.

வாசிக்கக் காசு கேளாத ஆய்விதழ்கள் இல்லாமல் இல்லை. 2006இல் தொடங்கிய ‘ஓர்ஃபனெட் அரிய நோய்கள் ஆய்விதழ்’ வாசகருக்கு இலவசம்; கட்டணம் எழுதுபவர் பக்கம் விழுகிறது. ஒரு கட்டுரையை அப்படித் திறந்து வெளியிட ‘நேச்சர்’ ஆய்விதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. பதிப்பகங்கள் பல, உலக வங்கியின் வருமானப் பட்டியலைப் பார்த்தே சலுகை தருகின்றன. இலங்கை 2019இல் மேல்நடுத்தர வருமான நாடானது, 2020இல் மீண்டும் கீழிறங்கியது. ரூபாவில் சம்பளம் எடுக்கும் வைத்தியரின் கட்டுரை இந்த ஏற்ற இறக்கத்தில் தங்கியிருப்பது அநியாயம். ஆகவே செலவைப் பல்கலைக்கழகங்களும் தேசிய விஞ்ஞான மன்றமும் ஏற்கும் உள்ளூர் ஆய்விதழே சரியான வழி. அடித்தளம் ஏற்கெனவே உண்டு: 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவ ஆய்விதழையும் யாழ்ப்பாண மருத்துவ ஆய்விதழையும் இன்று இணையத்தில் எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

ஓர் ஆட்சேபம் மிகவும் நியாயமானது. சின்ன ஊரில் பெயரை மறைத்தாலும் ஆள் மறையமாட்டார். வயதும் கிராமமும் நோயும் ஒரே வரியில் வந்தால் போதும், ஊர் கண்டுபிடித்துவிடும். நோயரின் அக்காவின் கலியாணப் பேச்சு குழம்பும். ஆகவே கிராமத்தின் பெயரை விடலாம், வயதை வீச்சாகத் தரலாம், படத்தைத் தவிர்க்கலாம். அச்சுக்குப் போகுமுன் குடும்பம் அறிக்கையை வாசித்துச் சம்மதிக்க வேண்டும்.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் எப்படி வாசிக்கும்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவரது ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் அச்சேறியது. அந்த மண்ணில் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதுவது இயலாத காரியம் அல்ல. அரிய நோய் பற்றிய ஒவ்வொரு கட்டுரையோடும் அத்தகைய சுருக்கத்தை யாழ்ப்பாண மருத்துவ ஆய்விதழ் கட்டாயமாக்க வேண்டும். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்திலும் அச்சுருக்கத்தின் பிரதி சேரவேண்டும்.