காற்றும் கருப்பும்

1715ஆம் ஆண்டு, டிசம்பர் 24ஆம் நாள் இரவு. ஜெர்மனி நாட்டு யேனா நகரம் கிறிஸ்துமஸ் விழாவுக்காகக் காத்திருக்கிறது. ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்துச் சிறு குடிலொன்றில், கதவை அடைத்துக்கொண்டு மூவர் அமர்ந்திருக்கின்றனர். இருவர் குடியானவர், மற்றவர் மாணவர். ஆம், பல்கலைக்கழக நகரத்து மாணவர்! அவர்கள் தேடியது பாடமன்று, புதையல். மந்திர நூலைப் புரட்டி ஆவிகளை அழைத்தால் மண்ணுக்குள் மறைந்திருக்கும் பொன் மேலே வரும் என்பது அவர்தம் நம்பிக்கை. எலும்பைத் துளைக்கும் குளிர். கையோடு கொண்டுசென்ற கரியை மூட்டிக்கொண்டனர்.

பொன் வரவில்லை. மறுநாள் கதவைத் திறந்தவர்கள் கண்டது, இரு குடியானவரின் பிணங்களையும் குற்றுயிராய்க் கிடந்த மாணவரையும்தான்.

ஊர் என்ன சொல்லியிருக்கும்? நம் ஊராயிருந்தால் என்ன சொல்லுமோ அதையேதான் அந்த ஊரும் சொல்லிற்று. சாத்தானை அழைத்தார்கள், சாத்தான் வந்தான், கழுத்தை நெரித்தான்! பிணங்களுக்குக் காவலாக அதே குடிலில் மூவர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கும் குளிர்ந்தது, அவர்களும் கரி மூட்டினர். விடிந்தபோது காவலர் மூவரில் ஒருவர் பிணம். சாத்தான் கதைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மந்திரம் சொல்லாதவனையும் விடவில்லையே என்று மக்கள் நடுங்கினர்.

ஹாலே நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஃபிரீடிரிஷ் ஹாஃப்மன் நடுங்கவில்லை. மந்திரம் சொன்னவனும் செத்தான், சொல்லாத காவலனும் செத்தான் என்றால், இரண்டு இரவுக்கும் பொதுவாக அந்த அறையில் இருந்தது எது? அடைத்த கதவு, எரிந்த கரி. கொன்றது பேயன்று, மரக்கரியின் ஆவியே என்று 1716இல் அவர் தனி நூலே எழுதி வெளியிட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: ஹாஃப்மன் நாத்திகர் அல்லர், பக்திமிக்க கிறித்தவர். ஆயினும் பிணத்தின் முன் நின்றபோது, 'அறையில் என்ன இருந்தது?' என்று கேட்கும் துணிவு அவருக்கிருந்தது.

அவருக்கு முன் அந்தக் கேள்வி எழாமற் போனதால் வந்த விந்தை ஒன்றும் வரலாற்றில் உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டில், பின்னாளில் ரோமப் பேரரசராகிய ஜூலியன், பாரிசு நகரில் குளிர்காலத்தைக் கழித்தார். ஓரிரவு குளிர் தாங்காமல் அறைக்குள் தணல் கொண்டுவரச் செய்து உறங்கினார். உயிர் போகும் நிலைக்கு ஆளாகி, மருத்துவரால் பிழைத்தார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். பழியை யார்மேல் போட்டார் தெரியுமா? சுவரின் மேல்! வெப்பம் பட்டதும் ஈரச் சுவரிலிருந்து கிளம்பிய ஆவிதான் தம்மை மயக்கிற்று என்றார். பாமரன் பேயைச் சொன்னான், பார்த்திபன் சுவரைச் சொன்னான். தணலோ குற்றமற்றதெனத் தப்பிக்கொண்டே வந்தது.

யேனாவும் பாரிசும் இருக்கட்டும், வெயிலில் வேகும் வடமதுரையிலே குளிர்காயும் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். திருச்சிராப்பள்ளியிலிருந்து கொடைக்கானல் செல்லும் பெருவழி நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. விடுமுறை வந்தால் வண்டி வண்டியாய் இளைஞர் மலையேறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், திருச்சிராப்பள்ளியிலிருந்து அவ்வாறு சென்ற நண்பர்கள் கொடைக்கானல் விடுதியொன்றில் தங்கினர். இறைச்சி வாட்டிய கரியடுப்பு குளிருக்கு இதமாய் அறைக்குள்ளேயே இருக்க, கதவடைத்து உறங்கியவரில் இருவர் விழிக்கவில்லை. யேனாவில் நடந்ததற்கும் இதற்கும் முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடந்தது மட்டும் அதுவே.

அந்த ஆவிக்குப் பெயரும் உருவும் கிடைக்க நெடுநாள் ஆயிற்று. அது கரியும் உயிர்வளியும் சேர்ந்த கூட்டுப்பொருளே என்று 1800இல் வில்லியம் குரூக்ஷாங்க் என்பார் தெளிவாக்கினார். கார்பன் மோனாக்சைடு என்று இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது அதைத்தான். போதிய காற்றின்றிக் கரி எரிந்தால் அது பிறக்கும். நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, தொண்டையைக் கமறவைக்காது. விறகுப் புகையாவது இருமவைத்து எழுப்பிவிடும். நன்கு கனன்ற கரித்தணலோ தாலாட்டித் தூங்கவைக்கும்.

அது எப்படிக் கொல்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு 1857இல் வெளியிட்டார். நம் குருதியின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின், நுரையீரலிலிருந்து உயிர்வளியைச் சுமந்து உடலெங்கும் கொடுக்கும் கூலியாள். இந்த நச்சுவளியோ உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. கூலியாள் இருக்கிறான், வண்டியும் ஓடுகிறது; ஆனால் இடம் முழுவதையும் வேண்டாத சரக்கு அடைத்துக்கொண்டது! மூச்சு வாங்கிக்கொண்டேதான் மனிதன் மூச்சின்றிச் சாகிறான். பிணத்தின் மேனி சில வேளை செக்கச் சிவந்து தோன்றுவதும் இந்தச் சேர்க்கையின் நிறத்தால்தான்.

நம் பகுதியிலே பாழ்ங்கிணற்றில் இறங்கியவன் திரும்பாவிட்டால், 'முனி அடித்தது' என்பர். அறிந்தவர்களோ முதலில் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பர். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கலாகாது. போற்றத்தக்க பட்டறிவு, உயிர்வளி குறைந்த கிணற்றில் அது உண்மையும்கூட. ஆனால் கரிவளியின் முன்னே இந்தச் சோதனை பலிக்காது. விளக்கு சுடர்விட்டு எரியும், விளக்கைப் பிடித்தவன் விழுவான்! ஆளைக் கொல்லப் போதுமான அளவு கலந்திருந்தும் சுடர் சற்றும் வாடாது என்பதுதான் இதன் கொடுமை.

சுடரை நம்பாதீர் என்று சுரங்கத் தொழிலாளருக்குக் கற்பித்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். 1895இல் அவர் செய்த சோதனைக்கு வேறெவரையும் பலியாக்கவில்லை. தாமே அந்த நச்சுவளியை அளந்து முகர்ந்து, தலை சுற்றுவதையும் கால் தள்ளாடுவதையும் குறித்துவைத்து, தம் குருதியையே எடுத்து ஆராய்ந்தார். மறு ஆண்டு சனவரியில் வேல்சு நாட்டு டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். வெடிதான் கொன்றதென்று உலகம் நினைத்தது. ஹால்டேன் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, வெடிக்குப்பின் பரவிய இந்த வளியே என்று காட்டினார். சின்ன உயிர் சீக்கிரம் மயங்கும். ஆகவே சுண்டெலியையோ சிறு பறவையையோ உடன்கொண்டு செல்க என்றார். கூண்டுக் கானரிக் குருவி சுரங்கத்துக்குள் சென்றது அதன் விளைவு. பிரிட்டனில் 1986 வரை அந்தக் குருவிகள் பணியில் இருந்தன. வாயில்லாப் பறவையின் புண்ணியத்தில் எத்தனைத் தொழிலாளர் வீடு திரும்பினரோ!

நம் பாட்டிமார் குமுட்டி அடுப்பில் தணலிட்டனரே, பிள்ளை பெற்ற அறையில் தணற்சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டனரே, அவர்களெல்லாம் செத்தா போயினர் என்று ஒரு முதியவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு உண்டு. கீற்றுக் கூரையோ ஊடே காற்று போய்வருவது. அந்த வீடுகள் மூச்சுவிட்டன, உள்ளிருந்தவரும் பிழைத்தனர். அப்போதும் எல்லாரும் பிழைத்தனர் என்று சொல்வதற்கில்லை. காற்றுக் கருப்பு அண்டலாகாது என்று சன்னலைச் சாத்தி, துணியால் இடுக்கை அடைத்து, பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் தணலோடு உள்ளே வைத்த வீடுகள் உண்டு. காற்றை வெளியே நிறுத்திக் கருப்பை உள்ளே கூட்டிவைத்தனர்! இன்றைய அறையோ வார்ப்புக் கூரை, இடுக்கில்லாச் சன்னல், நிலையோடு பொருந்திய கதவு. பாட்டியின் தணல் மட்டும் நம்மிடம் இருக்கிறது. பாட்டியின் கூரை இல்லை.

கொடைக்கானலிலே 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் முதல் பங்களாக்களைக் கட்டினர். குளிர்நாட்டு வீட்டு முறையில், கணப்பு என்றால் அதன் தலைமேல் புகைபோக்கியும் சேர்ந்தே வரும். நெருப்பு அறைக்கு, அதன் மூச்சு வானத்துக்கு. அடுப்பைத் தூக்கி அறைநடுவில் வைக்கும் நாம் பாதியை மட்டும் கற்றுக்கொண்டோம்.

குளிர்நாட்டினர் எல்லாரும் தப்பிவிட்டனர் என்பதுமில்லை. 2024 சனவரியில் டெல்லி அலிப்பூர்ப் பகுதியில், மூடிய அறையில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை வைத்து உறங்கிய குடும்பத்தில் நால்வர் மாண்டனர். 2025 சனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தினர் ஐவர் மூச்சடைத்து இறந்தபோது, அறையிலிருந்த வெப்பமூட்டியே காரணமாகக் கருதப்பட்டது. குளியலறைக்குள் எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சும் கருவிக்கும், வீட்டுக்குள் ஓட்டும் ஜெனரேட்டருக்கும் இதே குணம் உண்டு.

ஆகவே, உறங்கும் அறைக்குள் தணல் புகலாகாது. சன்னலை விரற்கடை திறந்துவைத்தோம் என்பது காப்பாகாது. சாம்பல் பூத்து அவிந்ததுபோல் தோன்றும் கங்கும் மணிக்கணக்கில் நச்சைக் கக்கும். ஓர் அறையில் இருப்பவர் பலருக்கு ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் கண்டால், சாப்பாட்டைக் குறைசொல்லிக் கொண்டிராமல் எழுந்து வெளியே வரவேண்டும்; இன்னும் சற்றுப் பொறுத்தால் அறிவு விழித்திருக்கும், கால் எழாது. மயங்கிக் கிடப்பவரைக் கண்டவர் கதவு சன்னலைத் திறந்து, உடனே வெளியே இழுத்து வந்து, 108ஐ அழைக்க வேண்டும். திருநீறு பூசுவதற்கும் வேப்பிலை அடிப்பதற்கும் அங்கே நேரமில்லை. 'அறையில் கரி எரிந்தது' என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். வெறுங்காற்றில் குருதியின் நஞ்சு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். தூய உயிர்வளி கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் குறையும். இந்த வளி பரவினால் ஓலமிடும் சிறு கருவிகளும் கடைகளில் விற்கின்றன. கானரிக் குருவியின் வேலையை இப்போது அவை செய்கின்றன.

யேனாக் கதையை வகுப்பில் நாம் சொன்னபோது, மாணவர் முதலில் கேட்டது, 'புதையல் கிடைத்ததா, ஐயா?' என்றுதான்! இரண்டாவது கேள்வி ஒரு மாணவியுடையது: 'முதல்நாள் இரண்டு பேர் செத்த அறையிலே மறுநாளும் ஏன் ஐயா கரி மூட்டினார்கள்?' பேய்தான் கொன்றது என்று நம்பியவர்கள் கரியை எதற்காக ஐயுறப் போகிறார்கள் என்று விடை சொன்னாள் பக்கத்திலிருந்தவள்.

இவ்வாண்டுச் சுற்றுலா கொடைக்கானலுக்கு என்று அவ்வகுப்பு முடிவு செய்திருக்கிறது. எடுத்துச்செல்லும் பொருள்களைப் பட்டியலிட்டுத் தந்தனர். போர்வை, காலுறை, பந்து, அரிசி, சோளக்கதிர் என்று நீண்டு, கடைசி வரியில் கரியடுப்பும் இருந்தது. அதை நாம் அடிக்கவில்லை. பக்கத்தில், 'முற்றத்தில் மட்டும். இரவில் நீரூற்றி அணைத்து அங்கேயே விடுக' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.